மாலூர் வரும்வரை மௌனம்

அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயில். வெளியே தூறல். ஜன்னல்களை இறக்கிவிட்டதால் உள்ளே ஈரத்துணி நாற்றமும், யாரோ டப்பாவில் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தின் வாசனையும் கலந்து கிடந்தன. ஜன்னலோரம் யோகா சுகுமார். முதுகு நேராக, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தொட்டபடி இரண்டு கைகளும் முழங்கால் மேல். அவருக்குப் பக்கத்தில், எதிரில், அடுத்த வரிசையில், எல்லோரும் அதே மாதிரி. மூன்று பேர் சீட்டில் நாலு பேர் தியானம்.

நிற்கிறவர்களுக்குத்தான் கண் திறந்திருந்தது. கண்ணை மூடினால் விழுந்துவிடுவோம்.

என் பக்கத்தில் செல்வி நின்றிருந்தாள். எங்கள் ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைனில் அடுத்த வரிசை வீட்டுப் பெண். ஒரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையால் டிபன் பையை வயிற்றுக்கு முன்னால் அணைத்திருந்தாள். ஐந்தாவது மாதம். அது அந்தப் பெட்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சுகுமாரின் கைபேசியிலிருந்து ஒரு பெண்குரல் தேனாகக் குழைந்தது. "உங்களைச் சுற்றி இருப்பவர்களின் வலியை உணருங்கள். அவர்களும் நீங்களும் வேறல்ல."

எல்லோரும் உணர்ந்தார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, நன்றாக உணர்கிறார்கள் என்று. எழுந்திருக்கத்தான் ஆளில்லை.

பெட்டியின் சட்டம்

போன வாரம் இந்தப் பத்தியில் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "உங்க ஊர்ல நல்லதே நடக்காதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நடக்கும் அம்மா. ஆனால் சத்தமாக நடக்கும். அதைத்தான் இந்த வாரம் சொல்ல வந்தேன்.

எங்கள் ரயிலுக்கு ஒரு சட்டம் உண்டு. எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் ஏறுகிறவர்களுக்கு சீட்டு கிடைத்துவிடும். ஊரிகத்தில் ஏறும் எங்களுக்கு நிற்கத்தான் விதி. ஆனால் மாலூர் வந்ததும் உட்கார்ந்து வந்தவர்கள் எழுந்துவிட வேண்டும். நின்று வந்தவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும். பெங்களூர் வரைக்கும் சீட்டு அவர்களுடையது. இதற்குப் பெயர் ஷிப்ட் மாற்றம். எங்கள் கேஜிஎஃப் தங்கச் சுரங்கம் மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. ஷிப்ட் மட்டும் மேலே ஏறி வந்து ரயிலில் உட்கார்ந்துகொண்டது.

பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்கள் ஸ்டேஷனில் அது பிளாட்பாரம் முடிந்து கல் குவிந்திருக்கும் இடத்தில் போய் நிற்கும். புடவையைக் கட்டிக்கொண்டு அதில் ஏற முடிந்தால் எனக்கு யோகாவே தேவையில்லை.

ஷிப்ட்டைக் கூப்பிடுகிறவர் தேவராஜ் அண்ணன். சுரங்கத்தில் கடைசிக் காலத்தில் சேர்ந்து கொஞ்ச நாள் வேலை பார்த்தவர். இப்போது பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன். கதவோரம் தன் டூல்ஸ் பையின்மேல் உட்கார்ந்து வருவார். மாலூர் பிளாட்பாரம் தெரிந்ததும் எழுந்து நின்று ஒரு சத்தம் போடுவார். "ஷிப்ட்டே...ய்!" அந்தக் குரலுக்கு ஸ்டேஷன் நாய்கள் பதில் சொல்லும். அவரை எல்லோரும் 'ஷிப்ட் பாஸ்' என்றுதான் கூப்பிடுவோம்.

சத்தம் வந்ததும் பெட்டி மொத்தமும் எழுந்திருக்கும். தூங்குகிறவன், சீட்டாடுகிறவன், புதுக் காதலியோடு குசுகுசுவென்று பேசுகிறவன், எவனும் விதிவிலக்கில்லை. எழுந்திருக்காதவனை பாஸ் பெயர் சொல்லி, அப்பா பெயரும் சொல்லி எழுப்புவார். பங்காருப்பேட்டையில் ஏறி, யாரோ இறங்கிய சீட்டைப் பிடித்த ஒரு புது ஆள் ஒருமுறை, "டிக்கெட் நானும் வாங்கினேன், ஏன் எழுந்திருக்கணும்?" என்று சட்டம் பேசினார். பக்கத்திலிருந்த கன்னடக்காரர் ஒருவரே அவர் தோளைத் தட்டி, "சொல்ப அட்ஜஸ்ட் மாடி ஸ்வாமி, இது கேஜிஎஃப் ரயிலு" என்று, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லி எழுப்பிவிட்டார்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எனக்கு முட்டி வலி, எனக்கு சர்க்கரை, நேற்று ராத்திரி புருஷனோடு சண்டை, தூக்கமில்லை என்று காரணம் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. முறை வந்தது, உட்கார்ந்தோம்.

ஒரு கட்டில், இரண்டு ஆள்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கட்டிலிலிருந்து வந்தது.

லைன் வீடு என்றால் ஒரே அறை. அதில் நாங்களும் சித்தப்பா குடும்பமும். கட்டில் ஒன்றுதான். நைனாவுக்கு ஒரு ஷிப்ட், சித்தப்பாவுக்கு வேறு ஷிப்ட். அதனால் அந்தக் கட்டில் காலியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. நைனா வேலை முடிந்து வந்து கதவைத் திறப்பார். இடுப்பில் கை வைத்து "ஷிப்ட்டு!" என்பார். சித்தப்பா எழுந்துவிடுவார்.

எழுந்துவிடுவார் என்றால், உடம்பு மட்டும்தான் எழும். கண் மூடியேதான் இருக்கும். அப்படியே நடந்து போய், மண்பானையில் சொம்பை விட்டுத் தண்ணீர் மொண்டு, வாய் கொப்பளித்த பிறகுதான் கண் திறக்கும். ஒருநாள் பானை இருந்த இடத்தில் அம்மா மாவு அரைத்த குண்டானை வைத்துவிட்டாள். சித்தப்பா இட்லி மாவில் வாய் கொப்பளித்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் நைனாவின் தூக்கம் கெட்டது. அதற்கும் அடி விழுந்தது.

அண்ணன் தம்பி பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். தலையணையில் எண்ணெய் வைத்துவிட்டான் என்று ஒருவர், போர்வையைக் கிழித்துவிட்டான் என்று ஒருவர், எந்நேரமும் சண்டைதான். மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததும் உண்டு. ஆனால் பேசாமலிருந்த அந்த நாட்களிலும் "ஷிப்ட்டு" என்றால் ஒருவர் எழுந்தார், ஒருவர் படுத்தார். கருணை என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வார்த்தையை எங்களுக்கு அறிமுகப்படுத்தியவர் சுகுமார்தான்.

கருணை வந்து இறங்கியது

சுகுமார் ஆண்டர்சன்பேட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, படித்து முடித்த நாளிலிருந்து இதே ரயிலில் பெங்களூர் ஆபீசுக்குப் போய்வருகிறார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

கொரோனா முடிந்து ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ஒருநாள், அவர் ஆபீசில் எல்லோரையும் மலையடிவாரத்து விடுதி ஒன்றுக்கு யோகா முகாமுக்கு அழைத்துப் போனார்கள். போனது பாத்திரக்கடை சுகுமார். திரும்பி வந்தது வேறு ஆள். நடை மெதுவாகிவிட்டது. "வாங்கக்கா" என்று கத்துகிறவர், நெஞ்சில் கை வைத்துத் தலை குனிய ஆரம்பித்தார். நான் முதலில் வாயுத் தொல்லை என்று நினைத்தேன்.

"அக்கா, யோகான்னா பாய் விரிச்சு கைகால் மடக்குறது மட்டும் இல்ல. டெய்லி லைஃப்ல கருணை வரணும். சமூகமா இருக்கணும். நம்ம பெட்டியையே ஒரு கம்யூனிட்டியா மாத்தப் போறேன்" என்றார்.

"இப்ப இன்னா தம்பி, தனித்தனியாவா போறோம்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கருணையோடு சிரித்தார்.

'கருணைப் பெட்டி' என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பமானது. தினமும் காலையில் தாமரைப் படம் வரும். பிறகு விதிகள் வந்தன. பங்காருப்பேட்டை தாண்டியதும் பேச்சு கூடாது. சீட்டாட்டம் கூடாது. கண் மூடி, மூச்சைக் கவனிக்க வேண்டும். ஆழமாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். கழிவறைக்குப் பக்கத்து சீட்டுக்காரர்கள் விடுவதில் மட்டும் கலந்துகொண்டார்கள்.

ஜனங்கள் இதை இவ்வளவு ஆசையாக ஏற்றுக்கொண்டது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு புரிந்தது. தூங்குவதுபோல நடித்தால் எழுப்பிவிடுவார்கள். தியானத்தில் இருக்கிறவனை எழுப்பினால் பாவம்.

மாலூரில் பாஸ் போடும் சத்தம்தான் இடைஞ்சல். சுகுமார் அதையும் அன்பாகவே தீர்த்தார். தேவராஜ் அண்ணனுக்குப் பச்சைத் துண்டு ஒன்று போர்த்தி, 'மௌனக் காவலர்' என்று பதவி கொடுத்துவிட்டார். ஊரிலேயே பெரிய தொண்டைக்காரர், யாராவது தும்மினால் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்று அதட்டும் வேலைக்கு வந்து சேர்ந்தார். பதவி என்றால் மனிதன் எதற்கும் தயார்.

ஷிப்ட்டை யாரும் ரத்து செய்யவில்லை. கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். மாலூர் வரும், போகும். உட்கார்ந்தவர்கள் பெங்களூர் வரைக்கும் உட்கார்ந்தே மூச்சைக் கவனித்தார்கள்.

நிற்பதும் ஆசனம்தான்

செல்வி கிருஷ்ணராஜபுரத்துப் பக்கம் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். புருஷன் ஆட்டோ ஓட்டுகிறான். ராபர்ட்சன்பேட்டையில் ஆட்களைவிட ஆட்டோ அதிகம் என்பதால் வருமானம் அவன் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. போன முறை அவளுக்கு நாலாவது மாதத்தில் கலைந்துவிட்டது. அப்போது சந்தோஷத்தில் லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். பிறகு அதே லைன் முழுக்க வந்து துக்கம் கேட்டது. அந்தக் கேள்விகளை அவளால் தாங்க முடியவில்லை.

அதனால் இந்த முறை யாரிடமும் மூச்சுவிடவில்லை. ரயிலில் யாரோ முட்டை பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன்.

"சத்தியமா யார்கிட்டயும் சொல்லாதக்கா. ஏழு மாசம் ஆவட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா ரொம்ப நேரம் நிக்காதன்னு சொல்லிச்சு. பரவால்ல, மாலூர்ல ஷிப்ட்டு வரும்ல? குந்திக்கலாம்."

அந்த ஷிப்ட்டைத்தான் கருணை வந்து விழுங்கிவிட்டது.

அவளும் கேட்க மாட்டாள். கேட்டால் ஏன் என்பார்கள். நான் சத்தியம் செய்து தொலைத்திருந்தேன். ஒரு மாலை, ரயிலை விட்டு இறங்கும்போது சுகுமாரைப் பிடித்தேன். பெயரைச் சொல்லாமல், "தம்பி, உன் தியானம் நல்லாத்தான் கீது. ஆனா மாலூர்ல ஷிப்ட்டை மட்டும் விட்டுடு. நின்னுகினு வர்றவங்களுக்கு முடியல" என்றேன்.

சுகுமார் பொறுமையாகக் கேட்டார். நெஞ்சில் கை வைத்தார்.

"அக்கா, பாசிட்டிவா பாருங்க. நிக்கிறதும் ஒரு ஆசனம்தான். தாடாசனம். பாதம் ரெண்டும் பூமியில ஊனி, மலை மாதிரி நிக்கணும். ஆக்சுவலா நின்னு வர்றவங்கதான் குடுத்து வெச்சவங்க."

"அப்ப நீ குடுத்து வெச்சவனா ஆயேன், யார் வேணாங்கிறது?"

"ஈகோவை விடுங்கக்கா" என்றார்.

என் பேச்சு வீண் போகவில்லை. மறுநாளே புது நிகழ்ச்சி ஒன்று சேர்ந்தது. தியானத்தின் முடிவில், உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களுக்கு ஒரு நிமிடம் நல்லெண்ணம் அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள். நாங்கள் நின்றபடியே அதைப் பெற்றுக்கொண்டோம். செல்வியின் பாதங்கள் செருப்பின் வாரைத் தாண்டிப் புடைத்திருந்தன. நல்லெண்ணம் அவ்வளவு கீழே இறங்கவில்லை போலும்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. அந்தத் தாமரைப் படத்தைப் பார்த்தாலே பல்லைக் கடித்தேன்.

டேக்கல் தாண்டி

அந்தத் தூறல் நாளுக்கு வருகிறேன்.

டேக்கல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில் நின்றது. சிக்னல் இல்லை. மாலூருக்கு இன்னும் தூரம் இருந்தது. மின்விசிறிகளும் நின்றுவிட்டன. காற்றில்லாமல் பெட்டி புழுங்கியது. தியானம் மட்டும் தடையில்லாமல் நடந்தது. பச்சைத் துண்டு போட்ட தேவராஜ் அண்ணன் கதவோரம் விரலை உதட்டருகே தயாராக வைத்திருந்தார்.

செல்வியின் கை கம்பியில் நழுவி நழுவிப் போனது. திரும்பிப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"இன்னாடி?" என்றேன்.

"அக்கா, இடுப்பு வலிக்குது. போன தடவையும் இப்டித்தான் ஆரம்பிச்சிது."

"சத்தியமாவது ஒண்ணாவது. இரு, நான் எழுப்புறேன்" என்று சுகுமாரின் தோளைத் தொடப் போனேன்.

"உஷ்" என்றார் தேவராஜ் அண்ணன்.

என் வாயில் வந்த வார்த்தையை இந்தப் பத்திரிகை அச்சிடாது. ஆனால் நான் அதைச் சொல்வதற்குள் செல்வி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். யாரிடமும் போய் கெஞ்சி நிற்க அவளுக்கு மனமில்லை. கண்ணை இறுக்கி மூடி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை கத்தினாள்.

"ஷிப்ட்டே...ய்!"

மெல்லிய குரல்தான். பாஸின் தொண்டையில் கால்வாசிகூட இல்லை. மாலூரும் வரவில்லை, ரயிலும் ஓடவில்லை.

ஆனால் பெட்டி மொத்தமும் எழுந்து நின்றது.

ஒருவர்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். கால் எழுந்த பிறகும் பாதிப் பேருக்குக் கண் மூடியே இருந்தது. சுகுமாரும் எழுந்து நின்றார். விரல்கள் முத்திரையிலேயே இருந்தன, முகத்தில் அந்த அமைதியும் அப்படியே இருந்தது, உடம்பு மட்டும் சீட்டைக் காலி செய்துவிட்டு ஒதுங்கி நின்றது. எனக்கு அந்த நேரத்திலும் இட்லி மாவு ஞாபகம் வந்தது.

செல்வியை அந்த ஜன்னலோரத்தில் உட்கார வைத்தேன். ஜன்னலைத் தூக்கிவிட்டேன். சாரலோடு காற்று வந்தது.

சுகுமார் கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். "மாலூர் வந்துடுச்சா?"

அவர் தன் சீட்டைப் பார்த்தார். அதில் செல்வியைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாலூர் வரல" என்றார் தேவராஜ் அண்ணன். பச்சைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா ஷிப்ட்டு மாறிடுச்சு. குந்தும்மா, நீ குந்து. வவுத்துல புள்ள கீதுன்னா உனக்கு ரெண்டு ஷிப்ட்டும் சீட்டுதான்."

மறுபடி ரயில் கிளம்பி மாலூரில் கூட்டம் ஏறியபோது, சுகுமார் செல்விக்கு முன்னால் இரண்டு கைகளையும் மேல் கம்பியில் ஊன்றி, யாரும் அவள்மேல் இடிக்காமல் முதுகைக் காட்டித் தடுத்துக்கொண்டு நின்றார். "நிக்கிறதும் ஆசனம்தான் தம்பி" என்று நாக்கு நுனி வரை வந்தது. வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வாக்கியம். அவர் சட்டை முதுகு முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்ததைப் பார்த்து விழுங்கிவிட்டேன். எனக்கு அது பெரிய தியாகம்.

பிறகு

ஒயிட்ஃபீல்டிலேயே இறக்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பயப்பட ஒன்றுமில்லை, ஓய்வுதான் வேண்டும் என்றார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். மாதம் நிறைந்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போன சுகுமார் குழந்தைக்குக் குட்டி யோகா பாய் ஒன்று வாங்கிப் போனார். குழந்தை அதை முறையாக நனைத்து ஏற்றுக்கொண்டது.

கருணைப் பெட்டி இன்றும் நடக்கிறது. கண்ணை மூடுகிறார்கள், மூச்சைக் கவனிக்கிறார்கள். மாலூர் தெரிந்ததும் பாஸ் தொண்டையைத் திறக்கிறார், எல்லோரும் எழுகிறார்கள். சுகுமார் இதற்கு 'சம எழுச்சி ஆசனம்' என்று பெயர் வைத்து, தான் கண்டுபிடித்ததாகவே தாமரைப் படத்தில் போட்டுவிட்டார். அவர் ஆபீசிலும் சொல்லிக் கொடுக்கிறாராம். நாங்கள் சண்டைக்குப் போகவில்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும்.

போன மாதம் செல்வி மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்தாள். மாலூரில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும், ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்த சுகுமாரைக் காட்டி என் காதில் சொன்னாள்.

"அக்கா, அன்னிக்கு இவரு ஏந்திரிச்சப்ப கண்ணு மூடித்தான் இருந்திச்சு, பாத்தியா? யாருக்குக் குடுக்குறோம்னே தெரியாம குடுத்துட்டாரு."

பார்த்தேன். அதை மட்டும் நான் சுகுமாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இத்தனை நாள் செய்த யோகாவில் அந்த அரை நிமிடம்தான் யோகா என்று தெரிந்தால், அதற்கும் ஒரு பெயர் வைத்துவிடுவார்.